பழைய கணினியைக் கொடுக்கும் முன்: ஹார்ட் டிஸ்க்கை முழுசாக அழிப்பது எப்படி?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற கணினியை வைத்திருப்பவர்கள் அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். தாராளமாகக் கொடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தால் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பெட்டியோடு சேர்ந்து உங்கள் வரிக் கணக்கும், அடையாள அட்டையின் ஸ்கேனும், மருத்துவ அறிக்கையும், பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களும் போய்விடக் கூடாது.

இது வீண் பயம் இல்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு எம்ஐடி ஆராய்ச்சி மாணவர்கள் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2003இல் வெளிவந்தன. வேலை செய்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், மருத்துவ விவரங்களும், சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்த வழிகாட்டி, இதுவரை எந்த டிஸ்க்கையும் அழித்துப் பழகாதவருக்கானது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வழிகளைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எந்த மென்பொருள் நல்லது?" என்று தேடத் தொடங்காதீர்கள். கணினிக்குள் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று முதலில் பாருங்கள். வழி அதைப் பொறுத்துதான் அமையும். ஒரு வகைக்குச் சரியான முறை இன்னொரு வகைக்குப் பாதிதான் பலிக்கும்.

டெலீட் செய்தால் ஏன் போவதில்லை?

ஒரு கோப்பை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், இது எல்லோருக்கும் தெரியும். பின்னைக் காலி செய்தாலும் கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். "இந்தப் பெயருள்ள கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது" என்ற குறிப்பைத்தான் கணினி ரத்து செய்கிறது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டதால் வீட்டுக்குள் இருப்பவர்கள் காலி செய்ததாக ஆகிவிடாது அல்லவா? வேறொரு கோப்பு அதே இடத்தில் எழுதப்படும்வரை பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பயன்படுத்தவும் எளிது.

ஃபார்மேட்டும் பல நேரம் இதே கதைதான். 'குவிக் ஃபார்மேட்' புதிய வெற்று அட்டவணை ஒன்றை எழுதிவிட்டு, மீதி இடத்தைத் தொடாமல் விட்டுவிடும். சில நொடிகளில் முடிந்தது என்றால் அது குவிக் ஃபார்மேட்தான். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மேட், அந்தப் பகுதி முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் முழு ஃபார்மேட்டும் பழுதான இடங்களைத் தேடியதே தவிர, எதையும் மேலெழுதவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவுவதும் அழிப்பது ஆகாது. புது விண்டோஸ் பிடித்துக்கொள்ளும் இடம் போக மற்றது அப்படியே இருக்கும்.

அழிப்பதற்கு முன்

அழித்தபின் திரும்ப வராது என்பதால், அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான்.

வேண்டியவற்றை வெளி டிஸ்க்குக்கோ புதுக் கணினிக்கோ நகலெடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். டி டிரைவ் இருந்தால் அது, கணக்கு மென்பொருள் தன் தரவை வைக்கும் தனி ஃபோல்டர், அவுட்லுக் பயன்படுத்துபவர் என்றால் அதன் அஞ்சல் கோப்பு, பிரவுசர் புக்மார்க்குகள் எல்லாம் சேர்த்தி. நகலெடுத்த பிறகு அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிந்தால் போதாது, படம் திறக்க வேண்டும்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்தால் அது யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரணக் கோப்பாகத்தான் வரும். புது இடத்தில் ஏற்றியதும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான குறியீடு இந்தக் கணினியில் இருக்கும் செயலியில்தான் வருகிறது என்றால் அதை முதலில் வேறு கருவிக்கு மாற்றுங்கள். பாஸ்கீ எனப்படும் புதுவகை உள்நுழைவுச் சாவிகள் சில அந்தக் கணினிக்குள் மட்டுமே வாழும், பேக்கப்பில் வராது. அத்தகைய கணக்குகளுக்குப் புதுக் கருவியில் மறுபடி சாவி உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை இணைப்பில் இருக்கும்போது, "எப்படியும் அழிக்கத்தானே போகிறோம்" என்று அந்த ஃபோல்டரில் இருப்பவற்றைக் கையால் டெலீட் செய்தால், மேகக் கணினியில் இருக்கும் நகலும் சேர்ந்து போகும். உங்கள் புதுக் கணினியிலிருந்தும் மறையும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடைக்கும் என்றாலும் ஏன் வம்பு? முதலில் அந்தச் சேவையிலிருந்து இந்தக் கணினியின் இணைப்பைத் துண்டியுங்கள். உண்மையில் கோப்புகளை ஒவ்வொன்றாக டெலீட் செய்யும் வேலையே இங்கே தேவையில்லை. டிஸ்க் முழுவதையும் அழிக்கும்போது எல்லாமும் போய்விடும்.

ஒரு சில கணினிகளுக்கு மட்டும் என்று உரிமம் தரும் மென்பொருள்கள் இருந்தால் உள்ளே நுழைந்து 'டீஆக்டிவேட்' அல்லது 'சைன் அவுட்' செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் பழைய கணினியின் பெயரிலேயே மாட்டிக்கொள்ளும். மேக் என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறுவது கட்டாயம். தொலைந்த கருவியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' இயங்கிக்கொண்டிருந்தால் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு விழுந்து, வாங்கியவரால் கணினியைத் தொடங்கவே முடியாமல் போகலாம்.

அப்புறம், பெட்டியைக் கையில் எடுத்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மெமரி கார்டு ஸ்லாட், டிவிடி டிரே, பின்பக்கம் செருகி மறந்துபோன பென்டிரைவ், அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் சீட்டு. டிஸ்க்கை அவ்வளவு பாடுபட்டு அழித்துவிட்டு, கார்டோடு கொடுப்பவர்கள் உண்டு.

உள்ளே இருப்பது எது?

விண்டோஸ் 10, 11இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே பாருங்கள். பழைய பதிப்புகளைத் தவிர மற்றவற்றில் எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று போட்டிருக்கும். இல்லையென்றால் தேடல் பெட்டியில் டீஃப்ராக் என்று தேடினால் வரும் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' சாளரம் சொல்லும். அதில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்றால் எஸ்எஸ்டி, சுழலும் பாகமே இல்லாத சில்லு வகை; 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்றால் எச்டிடி, உள்ளே தட்டு சுழலும் பழைய வகை.

ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம். சிறிய எஸ்எஸ்டியில் விண்டோஸ், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் என்ற அமைப்பு பரவலானது. சி, டி என்று எழுத்துகளை எண்ணாமல் டிஸ்க்குகளை எண்ணுங்கள். ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து சி, டி என்று வைத்திருக்கவும் கூடும். எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றும் என்ன அளவு, எந்த மாடல் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்: ஒரே ஒரு முறை, முழுசாக

இந்த வகைக்கு வழி சுலபம். முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம்வரை எதையாவது எழுதிவிட்டால் பழையது போய்விடும். பூஜ்ஜியங்களே போதும்.

"35 முறை எழுத வேண்டுமாமே?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அந்த 35ம் அன்றுவரை புழக்கத்தில் இருந்த வெவ்வேறு பதிவு முறைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அடுக்கியவை. ஒரே டிஸ்க்குக்கு அத்தனையும் செய்வதில் பொருளில்லை என்று பின்னர் அவரே எழுதிவிட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெயரால் சுற்றும் 3 முறை விதியும் பழையது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், காந்தத் தட்டு வகை டிஸ்க்குகளில் ஒருமுறை பூஜ்ஜியங்களால் மேலெழுதினாலே நவீன ஆய்வகங்களால்கூட மீட்பது பொதுவாக இயலாது என்கிறது. 35 என்ற பொத்தானை அழுத்தினால் மின்சாரம் செலவாகும், டிஸ்க் சூடாகும், நாட்கள் போகும். வேறு பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செய்முறைக்கு வருவோம். கணினி எந்த டிஸ்க்கிலிருந்து இயங்குகிறதோ அதையே அழிக்க முடியாது என்பதால், பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் 'லைவ்' பென்டிரைவ், அதாவது கணினியில் நிறுவாமலே நேராக ஓடுவது. இரண்டுமே இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு கருவியால் அதில் லினக்ஸை எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று: அழிக்கப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கணினியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். குறிப்பாக, சற்றுமுன் பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கை. இந்த வேலையில் நடக்கும் பெரிய விபத்தே தவறான டிஸ்க்கை அழிப்பதுதான், அதிலும் பேக்கப் டிஸ்க்கையே அழித்துவிடுவது. கேபிள் இணைப்பே இல்லாத டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது.

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள். கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியவுடன் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்துங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். தொடங்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு நொடி காட்டும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் திறக்கும். 'இன்ஸ்டால்' செய்ய வேண்டாம், 'ட்ரை' போதும். உள்ளே 'டிஸ்க்ஸ்' என்ற செயலி இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் உங்கள் டிஸ்க்கின் மாடலும் அளவும் தெரியும். தாளில் குறித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே உள்ள மெனுவில் 'ஃபார்மேட் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அழிக்கும் முறை என்ற இடத்தில் இயல்பாக 'குவிக்' என்றிருக்கும். அதை மாற்றி, பூஜ்ஜியங்களால் மேலெழுதும், 'ஸ்லோ' என்று குறிக்கப்பட்ட தேர்வைக் கொடுங்கள். இதை மாற்ற மறந்தால் மறுபடி பெயர்ப்பலகை மட்டும்தான் போகும்.

எவ்வளவு நேரம்? நொடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் எழுதும் டிஸ்க் என்றால் 1 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். உள்தடங்களுக்குப் போகப் போக வேகம் குறையும், ஆகவே 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய, சிறிய லேப்டாப் டிஸ்க்குகள் இன்னும் மெதுவாக இருக்கும். கணினி தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

விண்டோஸிலேயே செய்ய விரும்பினால், இரண்டாவது டிஸ்க்காக இணைத்து மேலே சொன்ன முழு ஃபார்மேட்டைச் செய்யலாம். அது அந்தப் பிரிவை மட்டும் அழிக்கும். ஒரே டிஸ்க்கில் நாலு பிரிவு இருந்தால் நாலையும் செய்ய வேண்டும், மறைந்திருக்கும் பிரிவுகள் கண்ணில் படாது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'க்ளீன் ஆல்' என்று கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் ஆகும். 'ஆல்' இல்லாமல் வெறும் 'க்ளீன்' என்று கொடுத்தால் பிரிவுகளின் விவரம் மட்டும்தான் போகும். ஒரு சொல் வித்தியாசத்தில் வேலையே மாறிவிடுகிறது.

டிபேன் என்ற பழைய கருவியைப் பற்றிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொல்லிவந்தேன். 2015க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை, பல புதிய கணினிகளில் தொடங்கவே செய்யாது. அதன் வழிவந்த என்வைப்பும், அதைச் சுமந்துவரும் ஷ்ரெட்ஓஎஸ்ஸும் இன்று பராமரிப்பில் இருக்கின்றன. அடிக்கடி பல டிஸ்க்குகளை அழிக்க வேண்டியவர்களுக்கு அவை வசதி.

எஸ்எஸ்டி: மேலெழுதாதீர்கள், டிஸ்க்கிடமே சொல்லுங்கள்

எஸ்எஸ்டியில் கதை வேறு. அதன் நினைவுச் செல்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடவைகள்தான் எழுதத் தாங்கும். எனவே எழுத்து எல்லாச் செல்களிலும் பரவலாக விழும்படி உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லு பார்த்துக்கொள்கிறது. "இந்த இடத்தில் பூஜ்ஜியம் எழுது" என்று நீங்கள் சொன்னால், அது வேறொரு காலிச் செல்லில் எழுதிவிட்டுப் பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும். போதாததற்கு, கணினிக்குக் காட்டாமல் உபரி இடம் ஒன்றையும் வைத்திருக்கும். நீங்கள் டிஸ்க்கை முழுசாக மேலெழுதினாலும் அந்த உபரிப் பகுதியில் பழைய துண்டுகள் தங்க வாய்ப்புண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் 2011இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தனிக் கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் கருவிகள் எஸ்எஸ்டியில் ஒன்றுகூட முழுதாக வெற்றி பெறவில்லை.

அதனால் அழிக்கும் வேலையை டிஸ்க்கிடமே ஒப்படைக்க வேண்டும். எஸ்எஸ்டி கணினியோடு இணையும் முறை பொதுவாக இரண்டு: பழைய சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ. சாட்டா வகை எஸ்எஸ்டிகளில் 'செக்யூர் இரேஸ்' என்ற உள்ளமைந்த கட்டளை இருக்கிறது. என்விஎம்இ வகையில் 'ஃபார்மேட்', 'சானிடைஸ்' என்ற கட்டளைகள் இருக்கின்றன. விண்டோஸின் ஃபார்மேட்டுக்கும் இந்த ஃபார்மேட்டுக்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் ஒன்று. இவை உபரிப் பகுதி உட்பட எல்லாச் செல்களுக்கும் போகும்.

இந்தக் கட்டளையைக் கொடுக்க மூன்று வழிகள். முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போய்த் தேடுங்கள். டெல் கணினிகள் பலவற்றில் 'டேட்டா வைப்' என்றும், எச்பியின் அலுவலக மாடல்கள் பலவற்றில் 'செக்யூர் இரேஸ்' என்றும் இருக்கும். இருந்தால் அதுதான் ஆகச் சுலபம், வேறு எதுவும் பதிவிறக்க வேண்டாம். இல்லையென்றால் எஸ்எஸ்டியைத் தயாரித்த நிறுவனத்தின் இலவசக் கருவியைப் பாருங்கள்: சாம்சங் மெஜிஷியன், க்ரூஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டன் எஸ்எஸ்டி மேனேஜர் போன்றவை. மூன்றாவது, பார்ட்டட் மேஜிக் என்ற லினக்ஸ் தொகுப்பு. கட்டணம் உண்டு, ஆனால் எல்லா நிறுவன டிஸ்க்குகளுக்கும் ஒரே சாளரத்தில் வேலை முடியும்.

இரண்டு இடங்களில் சிக்கல் வரும். சாட்டா டிஸ்க் 'ஃப்ரோஸன்' நிலையில் இருக்கிறது என்று கருவி மறுக்கலாம். பழுது இல்லை, கெட்ட நிரல் ஏதும் டிஸ்க்கை அழித்துவிடக் கூடாது என்று கணினியே தொடங்கும்போது பூட்டிவைக்கிறது. கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்பி மறுபடி எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விலகும். இரண்டாவது, டிஸ்க்கை வெளியே எடுத்து யுஎஸ்பி பெட்டியில் போட்டுச் செய்யப் பார்த்தால் அந்தப் பெட்டி இந்தக் கட்டளையைக் கடத்தாமல் போகலாம். உள்ளேயே வைத்துச் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் சாட்டா டிஸ்க் கடவுச்சொல் பூட்டோடு நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. எந்தக் கடவுச்சொல்லைக் கருவி வைத்தது என்று குறித்துக்கொள்வது நல்லது.

வேலை சில நொடிகளில் முடிந்துவிட்டால் ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டாம். பல எஸ்எஸ்டிகள் எல்லாவற்றையும் எப்போதுமே குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான், வைக்கின்றன. உள்ளே இருக்கும் சாவியை மாற்றினால் போதும், பழைய தரவு முழுதும் படிக்க முடியாத குப்பையாகிவிடும். ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: அந்த 2011 ஆய்வில் ஒரு டிஸ்க், அழித்துவிட்டேன் என்று அறிவித்தும் தரவு மொத்தமும் அப்படியே இருந்தது. கட்டளையை எழுதியவரும் மனிதர்தான். ஆகவே சரிபார்க்காமல் விடக் கூடாது.

செக்யூர் இரேஸ் எந்த வழியிலும் கிடைக்கவில்லையா? மதர்போர்டிலேயே நினைவகம் பற்றவைக்கப்பட்ட மலிவு லேப்டாப்புகளில் இப்படி ஆகும். அப்போது டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டு, பிறகு அழியுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது; ஹோம் பதிப்பு என்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். பிட்லாக்கர் கேட்கும்போது 'பயன்பாட்டில் உள்ள இடம் மட்டும்' என்பதை விட்டுவிட்டு, முழு டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு டெலீட் செய்த கோப்புகள் கிடப்பது பயன்பாட்டில் இல்லாத இடத்தில்தானே. குறியாக்கம் முடிந்ததும் மேலே சொன்ன லைவ் லினக்ஸிலிருந்து ஒருமுறை அழித்துவிடுங்கள். உபரிப் பகுதியில் பழைய துண்டு ஏதேனும் இருக்கக்கூடும் என்றாலும், சில்லுகளைக் கழற்றி ஆய்வகத்தில் படிப்பவருக்குத்தான் அது எட்டும்.

இதே காரணத்தால், நீங்கள் வாங்கும் அடுத்த கணினியில் முதல் நாளே குறியாக்கத்தை இயக்கிவிடுங்கள். கொடுக்கும் நாளில் வேலை கால்வாசிதான் இருக்கும். வழியில் தொலைந்துபோனாலும் நெஞ்சு அடைக்காது.

விண்டோஸ் ரீசெட் போதுமா?

சாதாரண வீட்டுக் கணினியைத் தெரிந்தவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், ஒரு அமைப்பை மாற்றினால் போதும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'ரீசெட் திஸ் பிசி' என்பதை அழுத்துங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சிறிய எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும். பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவது அதைத்தான். உள்ளே போய் 'க்ளீன் டேட்டா' என்பதை இயக்குங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் எல்லா டிரைவ்களிலும் அழிக்கும்படி சொல்லுங்கள். இதன் நன்மை, வேலை முடிந்ததும் புது விண்டோஸோடு கணினி தயாராக நிற்கும். இது வீட்டுப் பயனருக்கானது, அரசு அல்லது தொழில்துறைத் தரத்தை எட்டாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. வாடிக்கையாளர் விவரம் இருந்த அலுவலகக் கணினிக்கு இதை நம்ப வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்கள் பாடு சுகம். ஆப்பிள் சிலிக்கன் அல்லது டி2 சில்லு உள்ள மேக்கில், 2021இல் வந்த மான்டெரே முதல் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரே பொத்தான் உண்டு. சாவியை அழித்து, கணக்கிலிருந்தும் வெளியேற்றிவிடும். அதற்கு முந்தைய மேக்குகளில் ஃபைல்வால்ட் என்ற குறியாக்க வசதியை இயக்கி, குறியாக்கம் முழுதும் முடிந்தபின் ரெக்கவரியிலிருந்து டிஸ்க்கை இரேஸ் செய்யுங்கள். குரோம்புக்கில் 'பவர்வாஷ்' போதும்.

அழிந்ததா என்று பார்ப்பது

லைவ் லினக்ஸிலோ, வேறு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்தோ, கோப்பு மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். போட்டோரெக் இலவசம், படம் மட்டுமல்ல, பல வகைக் கோப்புகளைத் தேடும். விண்டோஸை மறுபடி நிறுவும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நிறுவிய பிறகு பார்த்தால் விண்டோஸின் சொந்தப் படங்களும் கோப்புகளும் ஆயிரக்கணக்கில் வந்து குழப்பும். ஒழுங்காக அழிந்த டிஸ்க்கில் எதுவுமே கிடைக்காது. உங்கள் படம் ஒன்று தலைகாட்டினாலும் முதலிலிருந்து தொடங்குங்கள். எஸ்எஸ்டியின் உபரிப் பகுதியை இந்தச் சோதனை எட்டாது என்பது உண்மைதான், ஆனால் கட்டளை வேலை செய்யவே இல்லை என்ற பெரிய தவறை இது பிடித்துவிடும்.

அலுவலகக் கணினி என்றால் டிஸ்க்கின் சீரியல் எண், அழித்த முறை, தேதி, செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் காட்ட வேறு சான்று இருக்காது.

வேலை செய்யாத டிஸ்க்

கணினி அடையாளமே காணாத டிஸ்க்கை மென்பொருளால் அழிக்க முடியாது. ஆனால் தட்டில் தரவு இருக்கும். வேறு பாகம் மாற்றிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அழிக்கும்போது பாதியில் பிழை காட்டி நிற்கும் டிஸ்க்கும் இதே கணக்குதான். கழற்றி எடுத்துக்கொண்டு, கணினியை டிஸ்க் இல்லாமல் கொடுங்கள். பல கணினிகளில் நாலு திருகாணி வேலை.

டிஸ்க்கை உடைப்பதென்றால் ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகளின் ஊடாக நாலைந்து இடத்தில் துளையிடுங்கள். சிறிய லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் கவசம் இல்லாமல் செய்யாதீர்கள். எஸ்எஸ்டியில் ஒரே ஒரு துளை போட்டால் பக்கத்துச் சில்லு தப்பித்துவிடும், ஒவ்வொரு கறுப்புச் சில்லும் உடைய வேண்டும். பேட்டரியைக் கழற்றாமல் லேப்டாப்போடு சேர்த்து அடித்தால் தீப்பற்றும். வீட்டில் இருக்கும் காந்தத்தைத் தேய்ப்பதால் ஹார்ட் டிஸ்க்குக்கு எதுவும் ஆகாது. எஸ்எஸ்டிக்கு எவ்வளவு பெரிய காந்தமும் ஒன்றும் செய்யாது. நெருப்பில் போடுவது நச்சுப் புகை. உடைத்ததை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் கடைசியாக

டிஸ்க் காலி. இனி வாங்குபவர் பக்கம் நின்று யோசியுங்கள். பயாஸில் நீங்கள் வைத்த கடவுச்சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவரால் பென்டிரைவிலிருந்துகூடத் தொடங்க முடியாமல் போகலாம். அதே இடத்தில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லைத் துடைக்கும் தேர்வும் இருக்கும், அதையும் செய்யுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்குங்கள். கூகுள், வாட்ஸ்அப் போன்றவற்றின் 'உள்நுழைந்துள்ள சாதனங்கள்' பட்டியலில் பழைய பெயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் வெளியேற்றிவிடுங்கள்.

விண்டோஸ் உரிமம் பெரும்பாலான பிராண்டட் கணினிகளில் மதர்போர்டோடு இணைந்தது. மறுபடி நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், சாவி எண் தேட வேண்டாம். விண்டோஸ் 11 ஏற்காத கணினியாக இருந்தால் கையில் இருக்கும் அதே பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவிக் கொடுங்கள். நிறுவும்போது உங்கள் பெயரில் பயனர் கணக்கு உருவாக்க வேண்டாம். பொதுப் பெயர் ஒன்றும் எளிய கடவுச்சொல்லும் வைத்து, அதை ஒரு தாளில் எழுதி மூடியின் மேல் ஒட்டுங்கள். சார்ஜரைச் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள்.